தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்க்கப் போகிறோம்: மறதி நோய் உள்ளவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

பி_பிளாக்_மணி

எங்கள் குடியிருப்பில் எட்டு பேர் சேர்ந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் 11 முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். ஒன்பது பேருக்குப் பேச்சுத்துணையே போதும். இரண்டு பேருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒருவர் 78 வயது அம்மா, தனியாக இருக்கிறார், காலையில் மட்டும் சமையலுக்கு ஓர் அக்கா வருகிறார். இன்னொருவர் மனைவியோடு இருக்கும் ஐயா.

எவ்வளவு நேரம் இருக்கலாம், என்ன செய்யலாம்? இறந்துபோன கணவரை ‘எங்கே’ என்று அந்த அம்மா கேட்டால் என்ன சொல்வது? மாத்திரையில் நாங்கள் எதுவரை தலையிடலாம்?

திண்ணை

முதலில் கிழமையையும் நேரத்தையும் முடிவு பண்ணுங்க. செவ்வாய் காலை பத்தரை என்றால் எப்போதும் செவ்வாய் பத்தரைதான். முதல் மூன்று மாதம் அதே இரண்டு பேர்தான் போகணும். எட்டு பேரும் முறைவைத்துப் போனால், அந்த அம்மாவுக்கு வாராவாரம் யாரோ புது ஆள் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். 40 நிமிஷம் போதும். முந்தானையைத் திருகுகிறார், எழுந்து எழுந்து உட்கார்கிறார் என்றால் அதற்கு முன்னாலேயே கிளம்பிடுங்க.

வாசலிலேயே ‘நான் மணி, பி பிளாக், செவ்வாய்க்கிழமை வர்றவன்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்க. ‘என்னை ஞாபகம் இருக்காம்மா?’ மட்டும் வேண்டவே வேண்டாம். ‘ஏன் இல்லாம’ என்று சிரிப்பார், உள்ளுக்குள் தவித்துப்போவார். எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. மனசுக்குள் பத்து எண்ணும் வரை பதிலுக்குக் காத்திருங்க. ‘காபியா, மோரா, சர்க்கரை போடலாமா’ என்று அடுக்கினால் எதற்கும் பதில் வராது.

பேச்சைவிடக் கைவேலை நன்றாக ஓடும். முருங்கைக்கீரை உருவலாம், சின்ன வெங்காயம் உரிக்கலாம், துண்டு மடிக்கலாம், பூக் கட்டலாம். ‘பூக் கட்டுங்கம்மா’ என்று உதிரிப்பூவை முன்னால் வைத்தால் வெறித்துப் பார்ப்பார். நாரை நனைத்து முதல் நாலு கண்ணியை நீங்களே போட்டு, பாதியில் கையில் கொடுத்துப் பாருங்க, விரல் தானாக ஓட ஆரம்பிக்கும். வேலையைத் தொடங்குகிற திறன் சீக்கிரம் போய்விடுகிறது, கைப்பழக்கம் ரொம்ப நாள் நிற்கிறது. கோணல்மாணலாகக் கட்டினாலும் அவர் கண் முன்னால் பிரித்துக் கட்டாதீங்க. பல்லாங்குழியும் எடுக்கலாம், ஆனால் ஆட்டக் கணக்கெல்லாம் வேண்டாம், 14 குழியிலும் முத்தைப் போட்டு எடுப்பதே போதும். எதையும் வாயில் வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் சோழி, புளியங்கொட்டை எல்லாம் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

கணவரைக் கேட்டால் ‘அவர் போய்ட்டாரேம்மா’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் சாவு. ‘அவரைத் தேடுதா? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?’ என்று அவரைப் பற்றியே பேச விடுங்க.

மருந்துச்சீட்டு

திண்ணை கடைசியாகச் சொன்னது நோயின் நடு நிலைக்குச் சரி. ஆரம்ப நிலையில் இருப்பவர் தெளிவாக, நேராகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்லணும், பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக. சுவரில் மாலை போட்ட படம் தொங்கும்போது மழுப்பினால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும். சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டு, பத்து நிமிஷத்தில் மறந்து மறுபடியும் கேட்கிறார் என்றால், அன்றிலிருந்து திண்ணை சொன்ன வழிக்கு மாறுங்க.

மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீங்க, டப்பாவில் பிரித்துப் போடாதீங்க. எண்ணிப் பாருங்க, அது போதும். தினம் ஒன்று என்று இந்தச் செவ்வாய் காலை பிரித்த 10 மாத்திரைப் பட்டையில், அடுத்த செவ்வாய் பத்தரைக்கு 2 மிச்சம் இருக்கணும். 5 இருந்தால் விட்டுவிடுகிறார். காலி என்றால் போட்டதை மறந்து மறுபடி போடுகிறார். சர்க்கரை மாத்திரை விஷயத்தில் இந்தக் காலிப் பட்டைதான் ஆபத்து, அன்றைக்கே மகனுக்குச் சொல்லணும்.

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல இறங்கும். நேற்று வரை பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினாலோ, பகலெல்லாம் தூங்கி விழுந்தாலோ ‘நோய் முற்றிடுச்சு’ என்று விட்டுவிடாதீங்க. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்ந்த மருந்து என்று ஏதோ ஒன்று இருக்கும், அன்றே டாக்டர் பார்க்கணும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் (குளோர்பெனிரமின், பெனிரமின்) இந்தக் குழப்பத்தை நன்றாகவே கிளப்பும். வீட்டில் அந்தப் பட்டை கிடந்தால் குறித்துக்கொள்ளுங்க.

மற்ற ஒன்பது பேருக்கும் ஒரு வார்த்தை: பாதி ‘மறதி’ காதில் இருக்கும். காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், கருவியில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பேட்டரியின் ஸ்டிக்கர் நிறமே அளவைச் சொல்லும்: ஆரஞ்சு 13, பழுப்பு 312, நீலம் 675. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடணும். உரித்ததும் செருகிவிட்டு ‘புதுசும் வேலை செய்யல’ என்பார்கள்.

பி_பிளாக்_மணி

ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு விஷயம். சாயங்காலம் அஞ்சு மணியானால் அந்த அம்மா ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று பையைக் கட்டுகிறாராம், எதிர்வீட்டில் சொன்னார்கள். நகைப்பெட்டிச் சாவியைக் காணோம் என்று சமையல் அக்கா மேல் பழி வேறு.

மேட்டுத்தெரு

சாவி விஷயத்தில் நாளைக்கு உங்கள் பெயரும் வரும். அதனால்தான் இரண்டு பேராகப் போகணும் என்பது. பணம், ஏடிஎம் அட்டை, பீரோ எதையும் தொடக் கூடாது, ஒரு முழம் பூகூட வாங்கிக்கொள்ளக் கூடாது. ‘நான் எடுக்கல’ என்று வாதாடாதீங்க. ‘காணோமா, வாங்க சேர்ந்து தேடலாம்’ என்று கூடவே போங்க. அரிசிப் பானை, தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால், மடித்த சேலைக்குள் என்று எப்போதும் இந்த நாலைந்து இடம்தான். கண்ணில் பட்டாலும் நீங்கள் எடுக்காதீங்க, அவர் கையே எடுக்கட்டும்.

சாயங்காலப் பதற்றம் இந்த நோயில் சகஜம். ‘இதுதாம்மா உங்க வீடு’ என்றால் இன்னும் கோபம் வரும். இருட்டுவதற்கு முன்னால், நாலரைக்கே விளக்கைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடணும். நிழலும் கண்ணாடியில் தெரியும் உருவமும் ஆள் மாதிரி பயமுறுத்தும். கறுப்பு மிதியடி சிலருக்குக் குழி மாதிரித் தெரியும், எடுத்துவிடுங்க. குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லுங்க.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பையைக் கட்டுகிற நிலைக்கு வந்தவர் சாயங்காலமும் இரவும் தனியாக இருக்கக் கூடாது. வாரம் 40 நிமிஷம் போகிற நீங்கள் அதை ஈடுகட்ட முடியாது, முயலவும் வேண்டாம். மகனிடம் தேதி, நேரத்தோடு எழுதிச் சொல்லுங்க. குடும்பம் அசையவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அதுவரை ஜாக்கெட்டின் உள்பக்கம் போன் எண் எழுதிய துணியைத் தைத்துவிடுங்க, கழுத்தில் அட்டை மாட்டினால் கழற்றி எறிவார். இந்த மாதம் எடுத்த முழு உருவப் படம் ஒன்று இரண்டு பேர் போனில் இருக்கணும். காணாமல் போனால் பழைய வீடு, வழக்கமான கோயில், பஸ் நிறுத்தம் என்று ஆளைப் பிரித்து அனுப்புங்க. காத்திருக்காமல் உடனே 112.

திண்ணை

அந்த ஐயாவை விட்டுவிட்டோமே. அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் மனைவியை. அந்த அம்மா கடைக்கோ, தன் பல் டாக்டரிடமோ போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்க. ஆனால் முதல் நாளே அவரை வெளியே அனுப்பாதீங்க. மூன்று தடவை அவர் இருக்கும்போதே போய்ப் பழகி, நாலாவது முறை அரை மணி, பிறகு இரண்டு மணி நேரம். கிளம்புவதற்கு முன் ஐயா எத்தனை மணிக்குக் கழிப்பறை போவார், அதை எந்தச் சொல்லால் கேட்பார், என்ன செய்தால் கோபம் வரும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க.