முதலில் காலில் ஊற்றிக்கொள்ள வேண்டும்

பனிக்காலத்தில் ஜப்பான் போய் வந்தவர்கள், மனதில் தங்கிவிட்ட ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நானும் கணவரும் போன பிப்ரவரியில் ஒன்பது நாள் போய் வந்தோம். டோக்கியோவில் இரண்டு நாள், நாகானோ மலையில் நான்கு நாள், மீதி கனசாவாவில். பனிச்சறுக்கு அவருடைய ஆசை. கோயிலும் தோட்டமும் என்னுடையவை. ஆனால் ஊர் திரும்பி இத்தனை மாதம் கழித்தும் நான் நினைத்துக்கொண்டே இருப்பது ஒரு மரக் கட்டடத்துக்குள் இருந்த வெந்நீர்த் தொட்டியை.

அந்த மலையில் நாங்கள் தங்கிய ஊர் நோசாவா ஒன்சென். ‘ஒன்சென்’ என்றால் வெந்நீர் ஊற்று. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஈயாமா வரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். பெரிய பெட்டிகளை முந்தின நாளே ‘தக்யூபின்’ என்ற வீட்டுக்கு வீடு அனுப்பும் சேவையில் கொடுத்துவிட்டோம். தோளில் ஒரு பையோடு போய் இறங்கினால் பெட்டிகள் விடுதி வாசலில் எங்களுக்கு முன்பே வந்து நின்றன. பனியில் பெட்டி இழுப்பதை நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய நிம்மதி.

டோக்கியோவில் பளிச்சென்று வெயில், நீல வானம். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஆள் உயரத்துக்கு மேல் பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. இந்த மலைகளில் மோதியதும் அத்தனையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் போகும் காற்றில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. நம் ஊர் தென்மேற்குப் பருவமழையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

முதல் இரண்டு நாள் காலையில் பனிச்சறுக்கு வகுப்பு. சறுக்கு மட்டையின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். ஆசிரியர் அதை ‘ஹா நோ ஜி’ என்றார். ‘ஹா எழுத்து’ என்று பொருள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியிலேயே விரலால் அந்த எழுத்தை எழுதிக் காட்டினார்: மேலே நெருங்கி, கீழே விலகி நிற்கும் இரண்டு கோடுகள். அதைப் பார்த்த பிறகுதான் என் கால்களுக்கு விஷயம் புரிந்தது. இதற்கு இன்னொரு பெயர் ‘போகென்’. சரிவுக்கு ‘கெரெண்டே’, கைக்கோலுக்கு ‘ஸ்டொக்கு’. எல்லாம் ஜெர்மன் சொற்கள். எப்படி வந்தன என்று கேட்டேன். 1911 ஜனவரி 12-ம் தேதி, பக்கத்து நீகாத்தா மாகாணத்தில் உள்ள தக்காதாவில், தியோடோர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவ அதிகாரி ஜப்பானியப் படை வீரர்களுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்ததிலிருந்துதான் இங்கே இது பரவியதாம். லெர்ஹ் கையில் ஒரே ஒரு நீளமான கோல்தான் இருக்குமாம். சொல்லும்போது ஆசிரியர் தன் இரண்டு கோல்களையும் சேர்த்துப் பிடித்து அப்படியே சறுக்கிக் காட்டினார்.

இப்போது அந்தத் தொட்டிக்கு வருகிறேன்.

நோசாவாவில் ‘சோதோயு’ என்று 13 பொதுக் குளியல் வீடுகள் இருக்கின்றன. சிறு கோயில் போன்ற மரக் கட்டடங்கள். கட்டணம் கிடையாது, வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும் இருக்கும். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த குடும்பங்கள் ‘யு-நகமா’ என்று சங்கமாகச் சேர்ந்து, முறை வைத்துக் கழுவி, செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ‘யு’ என்றால் வெந்நீர், ‘நகமா’ என்றால் கூட்டாளிகள். வெந்நீர்க் கூட்டாளிகள்! இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எங்கள் விடுதிக்குப் பின் தெருவில் இருந்த சிறிய ஒன்றுக்கு முதல் நாள் சாயங்காலம் போனோம். ஆண்களுக்கு ஒரு கதவு, பெண்களுக்கு ஒரு கதவு. கதவைத் தள்ளியதும் எனக்குத் திக்கென்றது. உடை மாற்ற தனி அறை இல்லை. சுவரோரம் துணி வைக்கும் மரத்தட்டுகள், அடுத்த அடியில் தொட்டி. உள்ளே மூன்று பெண்கள். உடம்பில் துணியே இல்லாமல்தான் இறங்க வேண்டும் என்று படித்திருந்தேன். படித்ததற்கும் அங்கே நிற்பதற்கும் எவ்வளவு தூரம்! திரும்பிப் போய்விடலாம் என்று தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போது எழுபது, எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி தலையைத் திருப்பி, ‘கொன்பன்வா’, அதாவது மாலை வணக்கம் என்று சொன்னார். அவ்வளவுதான். அப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவரவர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கை வைத்துப் பார்த்தேன். சுரீரென்றது. பாட்டி தண்ணீரில் இருந்தபடியே ஒரு சிறு வாளியை என் பக்கம் தள்ளினார். தன் பாதத்தைக் காட்டினார், பிறகு முழங்காலை, இடுப்பை, தோளை. அந்த வரிசையில் ஊற்றிக்கொள் என்கிறார். நான் ஊற்றியது போதவில்லை போல. அவரே எழுந்து வந்து வாளியில் மொண்டு என் காலில் மெதுவாக ஊற்றினார். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் என் அப்பத்தா இதையேதான் சொல்வார்: ‘எடுத்த எடுப்புல தலைக்கு ஊத்தாத கண்ணு, மொதல்ல காலுக்கு.’

குளிர்நீர்க் குழாய் ஒன்று இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டி அதைக் கொஞ்சம் திறந்துவிட்டார். திறப்பதற்கு முன் மற்ற இருவரையும் பார்த்து ஏதோ கேட்டார், அவர்கள் தலையசைத்தார்கள். தண்ணீர் எல்லாருக்கும் பொது, அதனால் சூட்டைக் குறைப்பதற்கும் எல்லாரையும் கேட்க வேண்டும். கழுத்துவரை இறங்கியபோது கந்தக வாசனை, கூரை இடுக்கில் ஆவி, வெளியே கூரையிலிருந்து பனி தொப்பென்று சரியும் சத்தம். வகுப்பில் விழுந்து அடிபட்ட இடுப்பு வலி பத்து நிமிடத்தில் தெரியவில்லை.

கிளம்பும்போது பாட்டி வாளிகளைக் கவிழ்த்து வைத்து, தரையில் கிடந்த முடியை ஒதுக்கி எடுத்துவிட்டுப் போனார். அன்று அவர் வீட்டு முறையா என்று எனக்குத் தெரியாது. முறை இல்லாத நாளிலும் அவர் அப்படித்தான் செய்வார் என்று தோன்றியது.

அதே கவனிப்பைத்தான் அதன் பிறகு போன இடமெல்லாம் பார்த்தேன். சரிவுக்குப் போகும் வழியில் கணவர் ஒற்றைக் கையுறையைத் தொலைத்துவிட்டார். மறுநாள் அது ஓரத்தில் இருந்த கம்பத்தின் தலையில், பார்த்ததும் தெரியும்படி, ஐந்து விரலும் விரிந்து நின்றது. கனசாவாவின் கென்ரோகுயென் தோட்டத்தில், பனிப் பாரத்தில் கிளை ஒடியாமலிருக்க ஒவ்வொரு பைன் மரத்துக்கும் நடுவில் மூங்கில் கம்பம் நட்டு, உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளை இறக்கிக் கிளை கிளையாகக் கட்டியிருந்தார்கள். ‘யுகிட்சுரி’ என்று பெயர். ஆண்டுதோறும் நவம்பர் 1-ம் தேதி தொடங்குவார்களாம், மார்ச்சில் அவிழ்த்துவிடுவார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் விரித்து வைத்த குடை மாதிரி அழகு. கிட்டே போய் ஒரு முடிச்சைப் பார்த்தேன். பட்டை நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்கம்.

நாகானோ நகரின் ஸென்கோஜி கோயிலையும் சொல்லியாக வேண்டும். கருவறைக்கு அடியில் ஒரு சுரங்க வழி. உள்ளே துளி வெளிச்சம் இல்லை. வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய், மூலவருக்கு நேர் கீழே இருக்கும் சாவியைத் தொட வேண்டும். எனக்கு முன்னால் கணவர். அவர் முதுகில் கை வைத்தபடியே நடந்தேன். என் கையைப் பிடித்து அவர்தான் சாவியில் வைத்தார். மேலே வந்தால் மண்டபத்தில் பின்சுரு சிலை. புத்தரின் சீடரான பிண்டோல பாரத்வாஜர்தான் அவர். நமக்கு வலிக்கும் இடத்தை அவர் உடம்பில் தடவினால் குணமாகும் என்பது நம்பிக்கை. தடவித் தடவி முகமே மழுங்கிவிட்டது. நான் இடுப்பைத் தடவினேன்.

நோசாவாவில் கடைசி இரவு குளிக்கப் போனபோது அந்தப் பாட்டி இல்லை. இருபது வயது வெளிநாட்டுப் பெண் ஒருத்தி தாழ்ப்பாளருகே தயங்கி நின்றாள். ‘கொன்பன்வா’ என்று சொல்லிவிட்டு வாளியை அவள் பக்கம் தள்ளினேன்.

*

மறுமொழி:

உங்கள் ‘வெந்நீர்க் கூட்டாளிகள்’ படித்ததும் நானும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் அதே ஊருக்கு ஜனவரி 15-ம் தேதி போனோம், தோசோஜின் என்ற வழிக்காவல் தெய்வத்தின் தீத் திருவிழாவுக்காக. எந்தக் கிழமையானாலும் அன்றுதான் நடக்கும். பீச் மரங்களை வெட்டி இழுத்து வந்து ஊரார் கையாலேயே பெரிய மேடை கட்டுகிறார்கள். மேலே 42 வயது ஆண்கள், கீழே 25 வயது இளைஞர்கள். ஜப்பானில் ஆண்களுக்கு இந்த இரண்டும் கண்டமான வயதுகள். மற்ற ஊரார் தீப்பந்தங்களோடு மேடையைக் கொளுத்த வருவார்கள், இவர்கள் காக்க வேண்டும். இளைஞர்கள் பைன் கிளையால் தீயை அடித்து அணைக்கிறார்கள். முகமெல்லாம் கரி. கடைசியில் மேடை எரிந்துதான் ஆகும். எரிந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர், கொளுத்த வந்தவர்களில் ஒருவரைக் காட்டித் தன் தம்பி என்றும், மேடையில் இருந்தவரைக் காட்டித் தன் மகன் என்றும் சைகையில் சொன்னார். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: இது நெருப்பு விளையாட்டு, சின்னக் குழந்தைகளோடு முன்னால் நிற்காதீர்கள்.

மறுமொழி:

கனசாவா வரை போனவர்கள் ஷிராகவாகோவை விட்டுவிடாதீர்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். செங்குத்தான கூரை வீடுகளை ‘கஷ்ஷோ’ வீடுகள் என்கிறார்கள். கஷ்ஷோ என்றால் கைகூப்புதல். கூரைச் சட்டங்களை ஆணி இல்லாமல் கயிற்றால் பிணைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றும் நாளில் ஊரே வந்து ஏறும், அதற்கு ‘யுயி’ என்று பெயர். மாடத்தில் என் மனைவி அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்புப் புகை ஏறி ஏறிக் கறுத்து, இரும்பு மாதிரி இறுகிப்போயிருந்தது.

மறுமொழி:

அக்கா, நாங்கள் இருவரும் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

என் பதில்:

என் கணவரும் சைவம்தான்மா. பெரிய சிக்கல் சூப்பிலும் குழம்பிலும்தான். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் அவற்றுக்கு அடிப்படையான ‘தஷி’ என்ற சாற்றில் ‘கட்சுவோபுஷி’ என்ற காய்ந்த மீன் சீவல் இருக்கும். ‘கட்சுவோபுஷி வேண்டாம், கொம்பு தஷி மட்டும்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி விடுதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடு. கொம்பு ஒரு கடற்பாசி. எங்கள் விடுதி அம்மா அதையும் காளானையும் வைத்துத் தனியாகவே சமைத்தார். ஸென்கோஜியில் கோயில் விடுதிகள் இருக்கின்றன, அங்கே ‘ஷோஜின் ரியோரி’ என்ற துறவிகள் உணவு கிடைக்கும். ஒரு இரவாவது தங்கு. வழியில் பசித்தால் ‘ஒயாகி’. பூசணியோ நோசாவானா கீரையோ வைத்த கொழுக்கட்டை மாதிரி இருக்கும். உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கு. சூடாக இருக்கும், கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்.