நாலு மாசத்துல புது பேட்டரியும் படுத்துடுச்சு, செல்ஃப் எடுக்கல. உதவி பண்ணுங்க

மண்டிக்காரன், பாலக்கோடு:
அண்ணா, 150 சிசி பிஎஸ்6 (புது புகை விதிக்கு வந்த) பைக். கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். விடிகாலை மூணரைக்குத் தக்காளி மண்டிக்குக் கிளம்பணும். பட்டனை அமுக்கினா மீட்டர் லைட் மங்குது, சீட்டுக்கடியில டக் டக் டக்னு சத்தம், அவ்வளவுதான். ரெண்டாவது கியர்ல தள்ளி ரெண்டு நாள் ஓட்டிட்டேன். நேத்து அதுக்கும் அசையல, பக்கத்து வீட்டு எக்ஸ்எல்லை இரவல் வாங்கிட்டுப் போனேன். பேட்டரி ஆகஸ்டுலதான் மாத்தினது. மெக்கானிக் "இதுவும் போச்சு, வேற போடு"ங்கறாரு. மறுபடியும் காசு போட மனசு வரல.

மலையூர் மச்சான்:
பனிக்காலம்ல, சோக் போட்டுப் பாருங்க.

பழைய ஒயர்மேன், கிருஷ்ணகிரி:
இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்கற பிஎஸ்6 வண்டியில சோக்கை எங்க போய்த் தேடறது மச்சான்!

தம்பி, அந்த டக் டக் ரிலே சத்தம், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடற சுவிட்ச் அது. பேட்டரியில தெம்பு இல்லாம ரிலே ஒட்டி ஒட்டி விடுது. பேட்டரி ரொம்ப இறங்கிட்டா பெட்ரோல் பம்ப்பும் ஓடாது, அதான் தள்ளினாலும் எடுக்கல. ஆனா அது பேட்டரி குத்தமா, சார்ஜ் ஏறாத குத்தமான்னு பாக்காம புதுசு வாங்காதீங்க. மல்டிமீட்டர் ஒண்ணு வாங்குங்க, பேட்டரி விலையில கால்வாசி கூட வராது. டெர்மினல் ரெண்டையும் சுரண்டித் துடைச்சு முடுக்கிட்டு, டிசி 20 வோல்ட்ல வெச்சுப் பாருங்க. ராத்திரி நிறுத்தின வண்டியில 12.6 கிட்ட இருக்கணும். ஸ்டார்ட் பண்ணி 5000 ஆர்பிஎம் வரைக்கும் ரேஸ் பண்ணினா 13.5ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும்.

வண்டி ஓடறப்ப பேட்டரி ஒயரைக் கழட்டி டெஸ்ட் பண்றேன்னு யாராவது வந்தா கிட்ட விடாதீங்க. பழைய வண்டிப் பழக்கம் அது. இந்த வண்டியில இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர், அதான் இசியுவே போயிடும்.

மண்டிக்காரன், பாலக்கோடு:
பாத்தேன்ணா. சும்மா நிக்கறப்ப 11.7. வெளியில சார்ஜ் ஏத்திட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினா 12.3, எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் அதுக்கு மேல ஏறல. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரை மாத்திடட்டுமா?

பழைய ஒயர்மேன், கிருஷ்ணகிரி:
அவசரப்படாதீங்க. இன்ஜின்ல கரண்ட் உண்டாக்கற காயில்ல இருந்து மூணு மஞ்சள் ஒயர் வரும். அது ரெகுலேட்டருக்குப் போற கப்ளரை, அதாவது ஒயர் சேர்ற பிளக்கைப் பிரிச்சுப் பாருங்க. பிரிச்ச நிலையில ஸ்டார்ட் பண்ணி, மீட்டரை ஏசியில வெச்சு ரெண்டு ரெண்டு ஒயரா அளங்க. மூணு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினா காயில் நல்லா இருக்கு. அப்புறம் இன்ஜினை அணைச்சுட்டு, மஞ்சள் ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல பீப் சத்தம் வருதான்னு பாருங்க. வரக்கூடாது.

மண்டிக்காரன், பாலக்கோடு:
அண்ணா, கப்ளர் கையோட வரவே இல்ல! ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பித்தான் பிரிச்சேன். வெள்ளை பிளாஸ்டிக் டீ கலர்ல உருகி, ஒரு பின் கரியா ஒட்டிக் கிடக்கு. பக்கத்துல இன்னொரு ஒயரும் தோல் வறண்டு மொறமொறங்குது. காயில் மூணு ஜோடியும் சமமாத்தான் காட்டுது, பீப்பும் இல்ல.

பழைய ஒயர்மேன், கிருஷ்ணகிரி:
அதான் திருடன். பின் லூஸாகி, வாட்டர் சர்வீஸ் தண்ணியும் இறங்கிப் பூத்திருக்கும். அங்க தடை கூடி சூடேறி உருகிடுச்சு. கருகின வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, நல்ல செம்பு தெரியற இடத்துல ஈயம் வெச்சு ஸ்லீவ் போடச் சொல்லுங்க. வெறுமனே முறுக்கி டேப் சுத்தினா ரெண்டு மாசத்துல இதே கதைதான்.

மண்டிக்காரன், பாலக்கோடு:
போட்டாச்சு, 14.2 காட்டுது! ஆனா மூணு நாள் நிறுத்தி வெச்சா மறுபடியும் மந்தமாத்தான் எடுக்குது.

மலையூர் மச்சான்:
எக்ஸ்ட்ரா ஏதாவது மாட்டியிருக்கீங்களா?

மண்டிக்காரன், பாலக்கோடு:
மாரண்டஅள்ளி ரோட்டுப் பனிக்கு எல்இடி ரெண்டு. ஹேண்டில்ல மொபைல் சார்ஜர், அதுல நீல கலர்ல வோல்ட் காட்டும்.

பழைய ஒயர்மேன், கிருஷ்ணகிரி:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! சாவியை எடுத்த பிறகும் அந்த நீலம் எரியுதா? சாவி ஆஃப்ல இருக்கறப்ப மைனஸ் டெர்மினலைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில மாத்தி, டெர்மினலுக்கும் கழட்டின ஒயருக்கும் நடுவுல சேருங்க. அப்படியே செல்ஃப் அமுக்கிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

மண்டிக்காரன், பாலக்கோடு:
எரியுதுண்ணா. 0.04 காட்டுது. சார்ஜரைக் கழட்டினா சுழியத்துக்குப் பக்கம் வந்துடுது.

பழைய ஒயர்மேன், கிருஷ்ணகிரி:
40 மில்லி ஆம்பியர், 24 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவு அளவு). உங்களது 5 ஏஎச் பேட்டரி. மூணு நாள்ல பாதிக்கு மேல குடிச்சிருக்கு. சார்ஜர் ஒயரை பேட்டரியில நேரா கொடுக்காம, சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஒயர்ல ரிலே, ஃபியூஸ் வெச்சுக் கொடுங்க. பேட்டரியை ஒருமுறை அரை ஆம்பியர்ல மெதுவா முழுசா ஏத்திடுங்க. இறங்கியே கிடந்த பேட்டரி, பழைய தெம்பு முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்.

மண்டிக்காரன், பாலக்கோடு:
இன்னைக்கு மூணரைக்கு ஒரே அமுக்கு, எடுத்துடுச்சு. ரொம்ப நன்றிண்ணா. ஒரு சந்தேகம், ஆகஸ்டுல எக்சேஞ்சுல கொடுத்தேனே, அந்தப் பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்திருக்குமோ?

மலையூர் மச்சான்:
அதைக் கேக்காதீங்க தலைவா, தூக்கம் வராது.