14 பேருக்கு வருடப்பிறப்புச் சாப்பாடு, பிரிட்ஜில் இடமில்லை: முந்தின இரவே சமைத்து வைக்கலாமா?

உவர்மலை மருமகள்:
இந்த முறை சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் வீட்டில்தான் எல்லோரும். மூதூரில் இருந்து மாமியின் தங்கச்சி குடும்பமும் வருகிறது, சின்னப் பிள்ளைகளோடு சேர்த்து 14 பேர். முதல்நாள் மரக்கறி, மறுநாள் மதியம் கோழி, அதுதான் வழக்கம். இரண்டு நாளைக்கும் சேர்த்து 15,000 ரூபாவுக்கு மேல் போக முடியாது. இரண்டு அடுப்புக் காஸ் குக்கர் ஒன்று, சின்னப் பிரிட்ஜ் ஒன்று, அதிலும் பாதி இடம் மாமியின் மருந்துக்கு. கறிகளை இரவே சமைத்து மூடி வைத்துவிட்டு விடியச் சூடாக்கலாம், நாங்கள் அப்படிச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம் என்கிறார் மாமி. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

தம்பலகாமத்து அக்கா:
தங்கச்சி, முதலில் மாமி வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா பார்ப்பவர் என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு நேரம் சொல்லும், அந்த நேரத்தை வைத்துத்தான் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது என்று முடிவு செய்யலாம். அப்புறம் கறிகளைக் குறையுங்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி, சொதி, அப்பளம், பயற்றம் பாயாசம், இதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்? கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் மலைநாட்டில் இருந்து லொறியில் வருபவை, பெருநாள் கிழமையில் விலை ஏறும். கத்தரி, பூசணி, முருங்கை நம்முடைய பக்கத்திலேயே விளைகிறது. அரிசி 2 கிலோ தாராளம். காசைத் தின்பது தேங்காய்தான், அதனால் பால்கறி ஒன்றோடு நிறுத்துங்கள். இரவே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது: பயறு வறுப்பது, வெங்காயம் பூண்டு உரிப்பது, தூள் இடிப்பது, பாத்திரம் எடுத்து வைப்பது. தேங்காயை மட்டும் விடியத் துருவுங்கள், இந்த வெக்கையில் துருவிய பூ நிற்காது. பாரமான பானையை (சோறு) முற்றத்தில் விறகு அடுப்புக்கு மாற்றினால் காஸும் மிச்சம், குசினியில் இரண்டு அடுப்பும் கறிக்குக் கிடைக்கும்.

நிலாவெளி கிச்சன்:
ஹோட்டல் கிச்சனில் வேலை செய்கிறேன், மாமிக்குச் சொல்லும் காரணத்தை நான் தருகிறேன். கிருமி பெருகுவது 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் நடுவில். சமைத்ததை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக் கூடாது, 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம்தான், ஏப்ரலில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூடி வைத்த பெரிய சட்டி இரவு முழுக்க இளஞ்சூட்டில் நிற்கும், கிருமிக்கு வேறென்ன வேண்டும். விடியக் கொதிக்க வைத்தால் எல்லாம் சாகும் என்று நினைக்கிறோம், சோற்றில் அது சரிவராது. பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் சோறு வேகும்போது சாகாமல் தப்பி, சோறு ஆறும்போது முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எதையாவது முந்தின நாளே சமைக்கத்தான் வேண்டும் என்றால் பால் விடாத குழம்பு ஒன்றை மட்டும் செய்து, அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் (32 பாகைக்கு மேல் என்றால் ஒன்றுக்குள்) பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கொதி வர வேண்டும், ஓரம் சூடானால் போதாது.

உறைந்த கோழியை மேசையில் வைத்து இளக்காதீர்கள், உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளித்தோல் கெடத் தொடங்கிவிடும். முதல்நாள் காலையிலேயே மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜின் அடித்தட்டுக்கு இறக்குங்கள், மேலே வைத்தால் நீர் வடிந்து மற்றச் சாமானில் விழும். கழுவவே வேண்டாம்.

சல்லிக்காரி:
கழுவாத கோழியா? தம்பி, எங்கள் வீட்டில் அந்தக் கறியை ஒருவரும் தொடமாட்டார்கள்.

நிலாவெளி கிச்சன்:
சரி அக்கா, சண்டை வேண்டாம். கழுவினால் கிருமி போவதில்லை, குழாய்த் தண்ணீர் தெறித்து சிங்க், பக்கத்தில் வைத்த சலாது, கை எல்லாம் பரவும், அதுதான் பிரச்சினை. கட்டாயம் கழுவத்தான் வேண்டும் என்றால் பேசினில் தண்ணீர் எடுத்து, மஞ்சள் போட்டு, தெறிக்காமல் மெல்ல அலசி, பிறகு பேசினையும் சிங்கையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். கிருமியைக் கொல்வது நெருப்பு மட்டும்தான், எலும்போரம் இளஞ்சிவப்பு இல்லாமல், வடியும் நீர் தெளிவாக வரும்வரை வேக வையுங்கள்.

உவர்மலை மருமகள்:
மாமியிடம் சோற்று விஷயத்தை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, அது சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோழிக்குப் பதில் சூரை மீன் எடுத்தால் மலிவா?

சல்லிக்காரி:
கரைக்குப் போய் எடுத்தால் பெரும்பாலும் மலிவுதான், ஆனால் சூரையை ஐஸில் வைத்திருப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஏறிவிடும், எவ்வளவு சமைத்தாலும் குறையாது, தின்றவுடன் வாய் எரியும், முகம் சிவந்து உடம்பு தடிக்கும். ரெஜிபோம் பெட்டி ஒன்று கொண்டுபோய் ஐஸோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அதே பெட்டியை நன்றாகக் கழுவிப் புது ஐஸ் போட்டால் முதல்நாள் தயிர்ச் சட்டியும் போத்தல்களும் அதற்குள் போகும், பிரிட்ஜ் கோழிக்கோ மீனுக்கோ காலியாகும். மூதூர்க்காரர் திரும்பும்போது பார்சல் கட்டினால் வடை, அப்பளம், பலகாரம் கட்டுங்கள். பால்கறியும் சொதியும் பஸ்ஸில் வேண்டாம், அவர்கள் கேட்டாலும்.