நரசிம்ம ராவின் தயக்கம்: இயல்பா, கணக்கா?

கரிசல்மண் எழுதியது:

பி.வி. நரசிம்ம ராவுக்கு 2024-இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, அவரைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் 1991-இல் தொடங்கி 1991-இலேயே முடிந்துவிடுகின்றன. அந்த ஆண்டின் சாதனையை நான் மறுக்கவில்லை. சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணியுடன் நாட்டைப் பொறுப்பேற்று, ஏறத்தாழ 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அடகு அனுப்ப வேண்டியிருந்த ஒரு பிரதமர், அரசியல் அறியாத மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கிப் பின்னால் நின்றது பெரிய துணிச்சல்தான். தொழில்துறையைத் தம் கையிலேயே வைத்திருந்த அவர், ஜூலை 24 அன்று நிதிநிலை அறிக்கைக்குச் சில மணி நேரம் முன்பு, இணையமைச்சர் மூலம் சத்தமில்லாமல் புதிய தொழில் கொள்கை அறிக்கையை அவையில் வைக்கச் செய்தார். தொழில் தொடங்க அரசின் அனுமதி வேண்டும் என்ற நாற்பதாண்டு உரிம முறையின் பெரும்பகுதி அந்தத் தாளோடு முடிந்தது.

ஆனால் அதே மனிதரைப் பற்றி, அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6-ஐப் பேசும்போது மட்டும், ‘முடிவெடுக்காமல் இருப்பதே அவருடைய இயல்பு’ என்கிறார்கள். முடிவெடுக்கத் தெரிந்தவர் என்பதற்கு ஜூலை சாட்சி. உள்துறைச் செயலர் மாதவ் கோட்போலே, குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்து மசூதியைப் பாதுகாப்பதற்கான திட்டத்தை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்திருந்தார். அது பயன்படுத்தப்படவில்லை. அதை நான் இயல்பு என்று ஏற்க மாட்டேன். கணக்கு என்றே சொல்வேன்.

நீதிக்கோல் எழுதியது:

நண்பர் கரிசல்மண் காட்டும் சாட்சியே அவருக்கு எதிராக நிற்கிறது. ரூபாயின் மதிப்பு 1991 ஜூலை 1 அன்றும் 3 அன்றும் இரண்டு கட்டமாகக் குறைக்கப்பட்டது. முதல் கட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பைக் கண்ட ராவ், இரண்டாவதை நிறுத்திவைக்க விரும்பினார் என்பதும், அச்சொல் ரிசர்வ் வங்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே காரியம் முடிந்திருந்தது என்பதும், அதில் பங்கேற்றவர்களே பின்னர் சொன்னவை. துணிச்சலின் உச்சம் என்று நாம் கொண்டாடும் அந்த மூன்று நாட்களிலும் தயக்கம் அவரோடுதான் இருந்தது.

அந்தத் தயக்கத்துக்கு ஒரு பழைய தழும்பும் உண்டு. ஆந்திர முதலமைச்சராக நில உச்சவரம்பைத் தீவிரமாகக் கையிலெடுத்தார். நிலவுடைமையாளர்களின் பகையும், தனி ஆந்திரக் கிளர்ச்சியும் ஒன்றுசேர்ந்து அவரைப் பதவியிறக்க, 1973 ஜனவரியில் அவருடைய மாநிலத்திலேயே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவின் கூர்மையைத் தன் உடம்பில் உணர்ந்தவர் அவர். மேலும் 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரப் பிரதேச அரசின் உறுதிமொழியை ஏற்று, ஒரு பார்வையாளரை நியமித்திருந்தது. நீதிமன்றம் நம்பிய ஒரு மாநில அரசை, இன்னும் நடக்காத குற்றத்துக்காக, அவையில் பெரும்பான்மையும் இல்லாத ஒரு பிரதமர் எப்படிக் கலைத்திருக்க முடியும்?

ஆற்றங்கரை எழுதியது:

பெரும்பான்மை இல்லாத பிரதமர் என்ற காரணம் எதற்கெல்லாம் போர்வையாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993 ஜூலை 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்ற கணக்கில் தோற்றது. அதைத் தோற்கடிக்க ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியின் உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்ட வழக்கில் ராவ் 2000-இல் தண்டிக்கப்பட்டு, 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அவர் விடுதலையை நான் மதிக்கிறேன். ஆனால் அவ்வழக்கில், பணம் வாங்கி வாக்களித்தவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்குரிமை உண்டு என்று 1998-இல் வந்த தீர்ப்பு, 2024-இல்தான் திருத்தப்பட்டது. அதுவும் அந்தக் காலம் விட்டுச் சென்ற சொத்துதான்.

கரிசல்மண் எழுதியது:

1973-ஐ நான் எண்ணிப் பார்க்கத் தவறியிருந்தேன். நீதிக்கோல் அவர்களுக்கு நன்றி. ஆயினும் 356 மீதான அச்சமே காரணம் என்றால், டிசம்பர் 15-ஐ என்ன செய்வது? மசூதி விழுந்து ஒன்பது நாட்களில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மூன்று மாநில அரசுகளையும் அதே பிரிவைக் கொண்டு அவர் கலைத்தார். இடிப்பு நடந்த மாநிலத்தில் முன்பே எடுக்கத் தயங்கிய ஆயுதத்தை, அது நடக்காத மாநிலங்கள் மீது பின்பு எடுத்தார்.

மசூதி விழுந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று மாலைச் செய்தி முடிந்ததும் அம்மா வானொலியை அணைத்துவிட்டு, தலைவாசல் விளக்கைக்கூடப் போடாமல், பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தினரிடம் போனார். திரும்பி வந்தபோது அந்த வீட்டுக் குழந்தைகள் இருவரும் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி வந்தார்கள். அன்றிரவு எங்கள் பாயில்தான் படுத்தார்கள். தலைநகரில் ஒருவர் பொறுத்திருந்தது எங்கள் தெருவரை வந்தது.

நீதிக்கோல் எழுதியது:

அந்த இரவுக்கு எந்தச் சட்ட வாதமும் ஈடாகாது. டிசம்பர் 15-க்கு மட்டும் விடை சொல்கிறேன்: அந்தக் கலைப்புகளைச் சரியென்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1994-இல், எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில். நவம்பரில் அவர் கையில் அத்தகைய தீர்ப்பு இல்லை. பழி முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவதும் எனக்கு உறுத்துகிறது. அதே அமைச்சரவையில் இருந்தவர்கள் பலர் பின்னர் மதிப்போடு வாழ்ந்தார்கள். 2004 டிசம்பரில் ராவின் உடலோடு வந்த வண்டி மட்டும் டெல்லி அக்பர் சாலை 24-ஆம் எண்ணில் இருந்த காங்கிரஸ் தலைமையகத்தின் மூடிய கதவுக்கு வெளியே நின்றுவிட்டு, ஹைதராபாத் நோக்கித் திரும்பியது.

கரிசல்மண் எழுதியது:

அந்தக் கதவடைப்பு ஈவிரக்கமற்றது. அதை நானும் கண்டிக்கிறேன். கூட இருந்த அமைச்சர்களும் பொறுப்பேற்க வேண்டியவர்களே. ஆனால் இடித்த இடத்தில் மசூதி மீண்டும் கட்டப்படும் என்று நாட்டுக்கு வாக்குக் கொடுத்தவர் பிரதமர் ராவ். அதன்பின் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அவர் பதவியில் இருந்தார். ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.