எக்ஸ்எஸ்எல்டி: வேண்டாத நேம்ஸ்பேஸ் வெளியீட்டில் வந்தால் என்ன செய்தீர்கள்?

லாஸ்பேட்டை வாசி:
புதுச்சேரியில் ஆய்விதழ்களுக்கு எக்ஸ்எம்எல் செய்து தரும் இடங்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்தான். கட்டுரைகளை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) வழியாக ஜாட்ஸ் என்ற ஆய்விதழ்க் கட்டுரை வடிவத்துக்கு மாற்றும் வேலை. டிரான்ஸ்ஃபார்ம் ஒழுங்காக ஓடியது. ஆனால் டிடிடி (எந்த டேகில் எது வரலாம் என்று சொல்லும் விதிக்கோப்பு) சரிபார்ப்பில் கோப்பு தேறவில்லை. திறந்து பார்த்தால், வேர் டேகான ஆர்ட்டிகிளிலேயே 'எக்ஸ்எம்எல்என்எஸ்:எக்ஸ்எஸ்' என்ற நேம்ஸ்பேஸ் அறிவிப்பு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டுவதுதான் நேம்ஸ்பேஸ்; எக்ஸ்எஸ் அதற்கான சுருக்க முன்னொட்டு, அதாவது ப்ரிஃபிக்ஸ்.

"கூடுதலாக ஒரு அறிவிப்பு இருந்தால் என்ன, பொருள் மாறாதே" என்று டீமில் கேட்டார்கள். பொருள் மாறாதுதான். ஆனால் டிடிடிக்கு நேம்ஸ்பேஸ் தெரியாது. எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998இல். நேம்ஸ்பேஸ் பரிந்துரை 1999இல்தான் வந்தது. டிடிடியைப் பொறுத்தவரை அந்த அறிவிப்பும் ஒரு அட்ரிபியூட் (டேகுக்குள் எழுதும் பண்பு). தன்னிடம் சொல்லப்படாத அட்ரிபியூட்டை அது ஏற்காது.

மூலக் கோப்பில் அந்த அறிவிப்பே இல்லை. மாற்றும் விதிகளை எழுதும் ஸ்டைல்ஷீட்டின் தலையில், இன்டிஜர், டேட் போன்ற வகைகளைக் குறிப்பிடுவதற்காக எழுதியிருந்தது. ஸ்டைல்ஷீட்டில் நேரடியாக எழுதும் டேக், அந்த இடத்தில் நடப்பில் உள்ள நேம்ஸ்பேஸ்களையெல்லாம் கூடவே கூட்டிக்கொண்டு போகும். எக்ஸ்எஸ்எல்டியின் சொந்த நேம்ஸ்பேஸ் மட்டும் போகாது. தலையில் 'எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரிஃபிக்ஸஸ்' போட்டு எக்ஸ்எஸ் என்று கொடுத்ததும் போய்விட்டது. எக்ஸ்எஸ்எல்டி 2.0 முதல் '#ஆல்' என்றே கொடுக்கலாம். பயந்துகொள்ள வேண்டாம், டேக் பெயரிலோ அட்ரிபியூட் பெயரிலோ உண்மையில் பயன்படும் ப்ரிஃபிக்ஸ் அப்படியே இருக்கும்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
அண்ணா, எனக்கு அந்த வழி பலிக்கவில்லை. என் கோப்பில் அறிவிப்பு மூலத்திலிருந்தே வந்தது. மூலத்திலிருந்து நகலெடுக்கும் காப்பி, காப்பி-ஆஃப் கட்டளைகள் இரண்டும் மூல எலிமென்ட்டின் (டேகின்) நேம்ஸ்பேஸ்களையும் சேர்த்தே எடுக்கும். எக்ஸ்க்ளூட் அவற்றைத் தொடாது. சாக்ஸன் என்ற ப்ராசஸரில் (எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் மென்பொருள்) ஓட்டும்போது 'காப்பி-நேம்ஸ்பேசஸ்' நோ என்று கொடுத்தேன், சுத்தமாகிவிட்டது. ஆனால் இன்னொரு பிராஜெக்ட்டில் எக்ஸ்எஸ்எல்டிப்ராக் என்ற ப்ராசஸர்தான் இருந்தது. அது 1.0 மட்டுமே அறியும், இந்த வசதி 2.0இல் வந்தது. அங்கே காப்பியை விட்டுவிட்டு 'எலிமென்ட்' கட்டளையில் பெயரையும் நேம்ஸ்பேஸையும் கொடுத்து ஒவ்வொரு டேகையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தரவின் வகையைச் சொல்லும் 'எக்ஸ்எஸ்ஐ:டைப்' அட்ரிபியூட்டின் மதிப்பில் 'எக்ஸ்எஸ்:ஸ்ட்ரிங்' என்று இருந்தால், எக்ஸ்எஸ் ப்ரிஃபிக்ஸ் பெயரில் இல்லை, மதிப்பில்தான் இருக்கிறது. 'நோ' கொடுத்தால் அதன் அறிவிப்பும் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தரவு வாங்குகிறவரிடம்தான் வெடிக்கும்.

வில்லியனூர்:
எனக்கு வந்தது மதிப்பு காலியாக உள்ள எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவிப்பு. ஈபப் மின்னூலுக்கு எக்ஸ்எச்டிஎம்எல் எடுக்கும்போது சில பத்திகளில் மட்டும். ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு அழித்துவிடலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த டேக் உண்மையாகவே நேம்ஸ்பேஸ் இல்லாமல் பிறந்திருக்கிறது, ப்ராசஸர் அதைத்தான் எழுதிக் காட்டுகிறது. அந்தப் பத்திகளின் டெம்ப்ளேட் (மாற்றும் விதி) இன்க்ளூட் செய்த வேறு கோப்பில் இருந்தது. முதன்மைக் கோப்பின் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் (ப்ரிஃபிக்ஸ் இல்லாத டேகுகளுக்கானது) இன்க்ளூட் வழியாக அங்கே போகாது. அந்தக் கோப்பின் தலையிலும் அதே அறிவிப்பை எழுதினேன், சரியாகிவிட்டது.