என்விரான்மெண்டல் சயின்ஸ்: எந்த பேப்பர முதல்ல எடுக்கணும்? பட்டவங்க சொல்லுங்க

பாளையங்கோட்டை அக்கா:
தம்பி எம்எஸ்சி சேந்துருக்கான். எலக்டிவ் எல்லாம் நாமளே எடுத்துக்கலாமாம், எத முன்னால எடுக்க, எத பின்னால தள்ளன்னு தெரியாம முழிக்கான்.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
அக்கா, ஸ்டாடிஸ்டிக்ஸ மட்டும் கடைசிக்கு தள்ள விடாதீய. எனக்கு கணக்குன்னாலே ஆவாது, அத நாலாவது செமஸ்டருக்கு தள்ளிட்டு மூணாவதுலயே ப்ராஜெக்ட்ட ஆரம்பிச்சிட்டேன். தாமிரபரணி தண்ணிதான் டாபிக். கார்த்திகைல பாபநாசம், அம்பை, சுத்தமல்லி, குறுக்குத்துறை, சீவலப்பேரின்னு பைக்ல போயி இடத்துக்கு ஒரு பாட்டில் மோந்துட்டு வந்தேன், ஒத்த பாட்டில்! ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது, சாக்கடை கலக்குற எடத்துலயும் அலசிட்டு போயிரும்லா, ரிசல்ட்ட பாத்தா அப்படியே மோந்து குடிக்கலாங்கிற மாதிரி வருது. இதுல பிஓடி கூத்து வேற, தண்ணில உள்ள அழுக்க கிருமி தின்ன எவ்வளவு ஆக்சிஜன் செலவாவுதுன்னு பாக்குற டெஸ்ட்டு அது. பாட்டில 20 டிகிரில 5 நாள் வைக்கணும், நான் செவ்வாக்கெழம வச்சேன், அஞ்சாம் நாள் ஞாயித்துக்கெழம, லேப் பூட்டிக் கெடக்கு. நாள் எண்ண கெமிஸ்ட்ரி எதுக்குங்கிறியளா? அந்த கெமிஸ்ட்ரி லேப் பேப்பர முதல்ல முடிச்சவன்லாம் புதன்கெழம வச்சிட்டு திங்கக்கெழம எடுத்தான்.

மாசில ஸ்டாட்ஸ் சார், ஒரே எடத்துல மூணு பாட்டிலாவது எடுத்தாத்தான் வித்தியாசம் ஆத்துலயா நம்ம கையிலயான்னு தெரியும்னாவ, எனக்கு அங்கனயே வேர்த்துட்டு. சித்திரை வெயில்ல மறுபடி பாபநாசத்துல இருந்து மோந்தேன்.

நாங்குநேரிப் பொண்ணு:
எங்க கத வேற. வைல்ட்லைஃப் எலக்டிவ ஆட் செமஸ்டர்ல (ஒண்ணு, மூணுன்னு ஒத்தப்பட வர்றது) எடுத்தோம், ஆவணில கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு கூட்டிட்டு போனாவ. குளம் வெடிச்சு கெடக்கு, ஆடு மேயுது. கழுத்துல பைனாகுலர மாட்டிக்கிட்டு நின்ன எங்கள பாத்து ஒரு ஆச்சி, "ஏட்டி, இப்ப என்னத்த பாக்க வந்திய, தை மாசம்லா வரணும்"னு சிரிக்கா. வடகெழக்கு மழைல குளம் பெருகுனாத்தான பறவ வரும், அது ஈவன் செமஸ்டர், இத டைம்டேபிள் போட்டவங்க யாரும் யோசிக்கல. தைல நாங்களே பஸ்ஸேறி போனோம். வரித்தலை வாத்து, பூநாரைன்னு குளம் நெறஞ்சு நிக்கி, நாரை ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டுது, கீழ எச்சமா கெடக்கு, யாரும் வெரட்டல, அந்த ஊர்ல தீவாளிக்கு கூட வெடி போட மாட்டாவளாம். மார்க்கு வராத அந்த ஒரு நாள்தான் நான் உருப்படியா படிச்சது.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
தங்கச்சி சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு திட்டம் வந்தா சுத்துச்சூழல் என்னாவும்னு முன்னாலயே கணிக்குற இஐஏ பேப்பர்லதான் சொன்னாவ, ஒரு சீசன் டேட்டா எடுக்கணும்னா மழக்காலத்த விட்டுட்டுதான் எடுப்பாவளாம். அந்த பேப்பரையும் நான் கடைசிலதான் படிச்சேன். கம்ப்யூட்டர்ல மேப் போடுற ஜிஐஎஸ்ஸ அதுக்கு முன்னாலயே முடிச்சிரச் சொல்லுங்க, மேப் போடத் தெரியாம இஐஏ கிளாஸ்ல ஒக்காந்தா கொட்டாவிதான் வரும்.

பாளையங்கோட்டை அக்கா:
தம்பி நோட்ட கிழிச்சிட்டு மறுபடி எழுதுதான். ஸ்டாட்ஸ் ரெண்டாவது செமஸ்டர்லதான் வருதாம், அதுவரைக்கும் பாட்டில தொடாதலன்னு சொல்லிட்டேன்.