மழைக்கால இரவுத் தங்குமிடம்: கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகத்திடம் எதைக் கேட்பது?

கேள்வி – செந்தூல்வாசி

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் நகராட்சிகள் மண்டபங்களைத் திறந்து வீடற்றோரைத் தங்க வைக்கின்றன. லண்டனில் வெப்பநிலை 0 பாகைக்கு இறங்கும் என்ற முன்னறிவிப்பு வந்தாலே அவசரத் தங்குமிட ஏற்பாடு நடைமுறைக்கு வந்துவிடும். நமக்குப் பனி இல்லை. ஆனால் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலையில் தொடங்கி இரவு வரை இடியோடு கொட்டும் மழை இருக்கிறது. மஸ்ஜிட் ஜாமேக், கோத்தா ராயா, சௌக்கிட் கடைவரிசைகளின் ஐந்தடியில் (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) படுப்பவர்கள் விரித்த அட்டைப்பெட்டி சாரலில் ஊறிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குப் படுக்கை இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு உணவு வழங்கும் எங்கள் ஆலயக் குழு இதுபற்றி ஒரு மனு கொடுக்க முடிவு செய்துள்ளது. ஜாலான் பகாங்கில் வீடற்றோருக்கான இடைத்தங்கல் மையம் இருக்கும்போது, மழைக்காலத்துக்கென்று தனியாக இடம் கேட்பது பொருந்துமா? கேட்பதானால் எதை வலியுறுத்த வேண்டும்?

பதில் – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

தாராளமாகக் கேட்கலாம், ஐயா. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, இதே மாநகராண்மைக் கழகம்தான் மண்டபங்களைத் திறந்து வீடற்றோரைத் தங்க வைத்தது. ஆகவே இடம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

என்னைக் கேட்டால், கட்டில்களின் எண்ணிக்கையைவிட வாசலில் விதிக்கப்படும் நிபந்தனைகளைப் பற்றித்தான் மனுவில் அதிகம் எழுத வேண்டும். சாலையோரம் படுப்பவர்களில் பலர் வேலை செய்கிறவர்கள்: உணவகத்தில் மங்கு (தட்டு) கழுவிவிட்டு நள்ளிரவில் வெளியே வருகிறவரும் உண்டு, இரவெல்லாம் ஜாகா (காவல்) வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க இடம் தேடுகிறவரும் உண்டு. இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டி விடியற்காலையில் எல்லாரையும் வெளியேற்றும் தங்குமிடத்தால் இவர்களுக்குப் பயனில்லை. அடையாள அட்டையைத் தொலைத்தவரை உள்ளே விடுவார்களா, மூட்டை முடிச்சை எங்கே வைப்பது, கணவன் மனைவியாக வருபவர்களைப் பிரித்துவிடுவார்களா என்பவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சம் என்று ஒன்று இருக்கிறது. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, சாலையில் இருப்பவரைச் சமூகநல அதிகாரி மாஜிஸ்திரேட் முன் கொண்டுசெல்லலாம். நீதிமன்றம் அவரை மூன்றாண்டுகள் வரை நலன்புரி இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். நகர மையத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்று 2014 ஜூலையில் கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்ததையும் சாலையோரம் படுப்பவர்கள் மறக்கவில்லை. எனவே அதிகாரிகளின் வேன் வந்து நின்றாலே பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். தங்குமிடத்துக்கு வருபவர் எவர்மீதும் அந்தச் சட்டம் பாயாது என்ற உறுதிமொழி இல்லாமல் மண்டபத்தைத் திறந்தால், அது காலியாகத்தான் கிடக்கும்.

பதில் – கெப்போங் நண்பர்

வாசகி அம்மா சொன்ன நிபந்தனைகளை ஏற்கிறேன். ஆனால் லண்டன் முறையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. எந்தப் பேட்டையில் எத்தனை மணிக்கு இடிமழை இறங்கும் என்பது மாலை ஐந்து மணிக்குக்கூட நிச்சயமாகத் தெரியாது. பெய்யத் தொடங்கியபின் மண்டபச் சாவியைத் தேடுவதில் பொருளில்லை. ஆகவே மழை நாளுக்கு மட்டும் என்று கேட்காமல், அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் இறுதிவரை தினமும் திறந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

டில்லியில் நடந்ததையும் மனுவில் சேர்க்கலாம். 2009 டிசம்பர் குளிரில் பூசா சாலையிலிருந்த தற்காலிகத் தங்குமிடத்தை அந்நகர மாநகராட்சி அகற்றியது; மறுமாதமே உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பிறகு பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வீதம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும்படி அமைக்க வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. அங்கே பருவகாலப் பிரச்சினையாகத் தொடங்கியதுதான் நிரந்தர ஏற்பாட்டுக்கு வழிவகுத்தது. நாமும் அந்த எண்ணத்தோடுதான் கேட்க வேண்டும்.

கேட்டவர் – செந்தூல்வாசி

இருவருக்கும் நன்றி. தினமும் திறந்திருக்கும் மூன்று மாத ஏற்பாடு, நள்ளிரவுக்குப் பின்னும் நுழைய அனுமதி, பூட்டு வைத்த பெட்டி, அடையாள அட்டை இல்லாதவருக்கும் இடம், 1977 சட்டம் குறித்த எழுத்துபூர்வ உறுதிமொழி ஆகியவற்றை மனுவில் சேர்க்கிறோம். பெண்களுக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் வேண்டும் என்று எங்கள் குழுவின் சகோதரிகள் வற்புறுத்துகிறார்கள். அதையும் முன்பக்கத்திலேயே எழுதுகிறோம். மனுவை மலாய் மொழியில் கொடுக்க வேண்டியிருப்பதால், அரசாங்கக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் யாரேனும் வரைவைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.